திருச்சிராப்பள்ளியில் வெளிநாட்டு மாணவர்களும் பல்கலைக்கழக உதவி அலுவலகங்களும்

இந்தியக் குடியுரிமை இல்லாத ஒருவர் இங்குள்ள கல்வி நிறுவனமொன்றில் சேர்ந்து படித்தால் அவர் சட்டப்படி வெளிநாட்டு மாணவர் ஆவார். திருச்சிராப்பள்ளியில் இத்தகைய மாணவர்கள் இரு வகையினர். கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் எனப் பல இடங்களிலிருந்து வந்து இறங்குவோர் ஒரு வகை. இங்கேயே பிறந்து வளர்ந்தும் ஏட்டில் வெளிநாட்டவராக இருப்போர் மற்றொரு வகை. உதவி அலுவலகம் என்ற ஏற்பாடு முதல் வகையினரை மனத்தில் வைத்தே உருவானது.

சேர்க்கையின் வழிகள்

துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003இல் இப்பெயர் பெற்றது. வெளிநாடுவாழ் மாணவர் நேரடிச் சேர்க்கைத் திட்டமான 'டாசா', 2018இல் தொடங்கிய 'ஸ்டடி இன் இந்தியா', 1950இல் நிறுவப்பட்ட இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தின் உதவித்தொகை ஆகியவை இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு வெளிநாட்டு மாணவர்கள் வரும் முக்கிய வழிகள். பாரதிதாசன் பல்கலைக்கழகமும் (1982) அதனுடன் இணைந்த பழைய கல்லூரிகளும் கலை, அறிவியல் படிப்புகளுக்கான இடங்கள்.

வெளிநாட்டு மாணவர் படிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர்களுக்கென ஓர் அலுவலகம் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதற்கு முன்பெல்லாம் பதிவாளர் அலுவலகத்தில் ஒருவரோ, விடுதிக் காப்பாளரோ, இரக்கமுள்ள ஒரு பேராசிரியரோ இந்த வேலையைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிறிய கல்லூரிகளில் இன்றும் அலுவலகம் என்பது ஒரே ஒரு மேசைதான். அந்த மேசைக்காரர் விடுப்பில் போனால் அலுவலகமும் விடுப்பில் போய்விடும்.

பதினான்கு நாள் கணக்கு

180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வரும் மாணவர், இந்தியா வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நேபாளம், பூட்டான் குடிமக்களுக்கு இது தேவையில்லை. முன்பு மாவட்டக் காவல் துறை அலுவலகத்துக்கு நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2018 ஏப்ரல் முதல் பெரும்பாலான வேலைகள் இணையவழியில் நடக்கின்றன. திருச்சி மாணவரின் கோப்பைப் பார்ப்பது சென்னையிலுள்ள மண்டல அலுவலகம். ஆவணம் ஒன்று குறைந்தால் திரையில் ஒரு வரிக் குறிப்பு வரும். அதன் பொருள் என்ன என்று கேட்க ஆள் வேண்டும். உதவி அலுவலகத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும்.

சிக்கல் பெரும்பாலும் ஆவணங்கள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதால் வருகிறது. பதிவுக்குப் போனஃபைட் சான்றிதழும் முகவரிச் சான்றும் வேண்டும். கட்டணம் செலுத்தி, துறையில் கையெழுத்து வாங்கினால்தான் போனஃபைட் கிடைக்கும். வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால் பதிவுச் சான்று கேட்பார்கள். உதவித்தொகையோ அந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இந்த வட்டத்தில் எங்கே முதல் முடிச்சை அவிழ்ப்பது என்று தெரிந்த ஓர் அலுவலர் இருந்தால் சில நாளில் முடியும் வேலை, இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். இடையில் வைகுண்ட ஏகாதசிக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை வந்தால் அலுவலகம் மூடியிருக்கும். பதினான்கு நாள் கணக்கு ஏகாதசிக்காக நிற்பதில்லை.

கடைசி ஆண்டில் இன்னொரு தொல்லை உண்டு. விசா பெரும்பாலும் படிப்புக் காலத்தையொட்டித்தான் தரப்படும். அரியர் வைத்திருக்கும் உள்ளூர் மாணவர் ஊருக்குப் போய் நவம்பரில் வந்து தேர்வு எழுதலாம். வெளிநாட்டு மாணவர் தங்கிப் படித்து எழுத வேண்டுமென்றால், படிப்பு இன்னும் முடியவில்லை என்ற பல்கலைக்கழகக் கடிதத்துடன் விசா முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு முடிவு தாமதமாக வந்தால் அந்தக் கடிதமும் தாமதமாகும். விசா காலாவதியானவர் அபராதம் கட்டி, அனுமதி பெற்றுத்தான் நாட்டை விட்டே வெளியேற முடியும்.

உதவுவதும் தெரிவிப்பதும்

மாணவர்கள் பலர் கவனிக்காத ஒன்று, இந்த அலுவலகத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பது. வெளிநாட்டு மாணவர் சேர்ந்ததை நிறுவனம் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் விதிகள், பருவந்தோறும் மாணவரின் வருகைப்பதிவு, கல்வி நிலை, நடத்தை ஆகியவற்றையும் அனுப்பச் சொல்கின்றன. மனம் சோர்ந்து வகுப்புக்குப் போகாத மாணவர் யாரிடம் போய்ப் பேச வேண்டுமோ, வகுப்புக்கு வரவில்லை என்று எழுத வேண்டியவரும் பல இடங்களில் அவரே. இந்த இரண்டு வேலைகளையும் ஒருவரிடமே கொடுப்பது சரியான ஏற்பாடல்ல. ஆலோசகர் தனியாகவும் ஆவண அலுவலர் தனியாகவும் இருப்பதே மாணவருக்கு நல்லது.

ஸ்ரீரங்கத்தில் வீடு

விடுதியை விட்டு வெளியே தங்க விரும்புவோரில் சிலர் ஸ்ரீரங்கத்தை நாடுவதுண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கோயிலைச் சுற்றி வீதிகளாக அமைந்த தீவு ஊர் அது. சித்திரை வீதி, உத்திர வீதிப் பக்கம் வாடகைக்குப் போனால் முதலில் கேட்பது சைவச் சாப்பாடா என்பதைத்தான். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். நெடுங்காலமாக 'சி' படிவம் என்று வழங்கிய நடைமுறை இது. வயதான வீட்டுக்காரர்களுக்கு இது காவல் துறை விவகாரமாகவே தோன்றும். கல்லூரியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசிப் படிவத்தை விளக்கினால் சாவி கைக்கு வந்துவிடும். முகவரி மாறியதைப் பதிவு அலுவலகத்துக்கு மாணவரும் தனியே தெரிவிக்க வேண்டும்.

விமானம் ஏறாத வெளிநாட்டவர்

திருச்சி விமான நிலையத்துக்கு அருகில் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை முகாம் இருக்கிறது. அதாவது வெளிநாட்டு மாணவர் வந்திறங்கும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் பக்கத்திலேயே, 1983க்குப் பின் வந்த அகதிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிறார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. இந்த அடிப்படையில் கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். இன்று கல்லூரியில் படிக்கும் வயதினர் அந்தத் தேதிக்கு வெகு காலம் பின்னால் பிறந்தவர்கள்.

மாநில அரசு இவர்களுக்கு உள்ளூர்க் கல்லூரிகளின் கதவைத் திறந்து வைத்துள்ளது. கல்வி உதவிகளும் தருகிறது. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. ஆனால் குடியுரிமை கேட்கும் மத்திய நிறுவனங்களின் சேர்க்கையில் வெளிநாட்டவருக்கான வழி டாலர் கட்டண வழியாகவே இருக்கிறது. சார்க் நாட்டினருக்கான சலுகை போக மீதித் தொகையும் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எட்டாதது. வாழவந்தான்கோட்டை மாணவருக்கு அருகிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் அந்த வகையில் வெகு தொலைவில் உள்ளது.

பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் இவர்களைத் தன் மாணவர்களாக எண்ணுவது அரிது. அவர்கள் விசாவில் வரவில்லை, மொழி தெரியாதவர்களும் அல்லர். இவர்களுக்கு உதவி அலுவலகமாக இருப்பவை முகாமைப் பார்க்கும் வருவாய்த் துறை அலுவலகமும், 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் கழகம் போன்ற அமைப்புகளும்தாம். கல்லூரி விண்ணப்பத்தில் நாட்டுரிமை என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று எழுதினால் அடுத்த கட்டம் கடவுச்சீட்டு எண் கேட்கும். முகாம் மாணவர் பலரிடம் கடவுச்சீட்டு இல்லை. இணைய விண்ணப்பமாக இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பக்கம் நகராது. அப்போது அவர் அகதி அடையாள அட்டையின் நகலோடு கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போகிறார்.