மெல்ல ஏறினால்தான் வித்து

செல்கள் வேலையைப் பிரித்துக்கொண்டு வெவ்வேறு வடிவம் எடுப்பது செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் மட்டுமே உரியது என்று பலரும் நினைக்கிறோம். மண்ணில் வாழும் பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைக் கவனித்தால் அந்த நினைப்பு நிலைக்காது. உணவு தீரும்போது அது வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் ஸ்போராக, அதாவது உறங்கும் வித்தாக மாறுவதை ஃபெர்டினாண்ட் கோன் 1876-லேயே விவரித்துவிட்டார். பட்டினிக்கு ஓர் உயிர் காட்டும் எதிர்வினைதானே, இதில் என்ன முடிவெடுத்தல் இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பட்டினி மட்டுமே காரணமென்றால், ஒரே குடுவையில் ஒரே மரபணுக்களோடு வளரும் செல்கள் எல்லாம் ஒன்றாக வித்தாக வேண்டும். அப்படி நடப்பதில்லை. வித்தாதலைத் தொடங்கிவைக்கும் ஸ்போ0ஏ என்ற புரதம் சில செல்களில் விழித்துக்கொள்கிறது, மற்றவற்றில் உறங்கிக் கிடக்கிறது. விழித்த செல்கள் நச்சைக் கக்கி உடன்பிறப்புகளைக் கொன்று, அவற்றின் சத்தை உண்டு, வித்தாவதையே தள்ளிப்போடுகின்றன என்று 2003-இல் ரிச்சர்ட் லோசிக் குழுவினர் காட்டினார்கள்.

என்னைப் பொறுத்தவரை, இது முடிவெடுத்தல்தான் என்பதற்கு இன்னும் வலுவான சான்று 2005-இல் ஃபுஜிட்டாவும் லோசிக்கும் செய்த சோதனை. ஸ்போ0ஏ வேலை செய்ய அதன்மேல் பாஸ்பேட் ஏற வேண்டும். அந்த பாஸ்பேட் வேறு புரதங்கள் வழியே கைமாறித்தான் வந்து சேரும். தொடக்கப் புரதமான கின்ஏ-வைச் செயற்கையாகப் பெருக்கியபோது, சத்து நிறைந்த ஊடகத்திலும் செல்கள் வித்தாகின. முழு வீரியமுள்ள ஸ்போ0ஏ-வை ஒரேயடியாகக் கொடுத்தபோதோ வித்தாதல் தடுமாறியது. சில மரபணுக்கள் கொஞ்சம் ஸ்போ0ஏ இருந்தாலே இயங்கும், சில நிறைய வந்தால்தான் அசையும். எனவே அளவு படிப்படியாக ஏற வேண்டியிருக்கிறது.

அளவோடு இடமும் சேர்கிறது. செல் நடுவில் பிரியாமல் ஒரு முனையருகே சுவர் எழுப்பும். சிக்மா-எஃப் புரதம் சுவருக்கு முன்பே இருந்தாலும், வித்தாகப்போகும் சிறிய அறையில்தான் கட்டவிழ்கிறது. அங்கிருந்து போகும் சைகை, பெரிய அறையான தாய்ச் செல்லில் சிக்மா-இ புரதத்தை எழுப்புகிறது. ஒரே மரபணுத் தொகுப்பை இரு அறைகளும் வெவ்வேறாக வாசிக்கத் தொடங்குகின்றன.

ஒற்றைச் செல் உயிருக்குத் தாய், சேய் என்பதெல்லாம் மிகை என்போர் உண்டு. ஆனால் தாய்ச் செல்லுக்குப் பிந்தைய கட்டத்தில் தேவைப்படும் சிக்மா-கே புரதத்தின் மரபணு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. நடுவில் சுமார் 48,000 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ. தாய் அதை வெட்டி எறிந்து மரபணுவை ஒட்டிக்கொள்கிறது. வித்துக்குள் இருக்கும் குரோமோசோமில் கைவைப்பதில்லை. பிறகு தாய் உடைந்து அழிகிறது, வித்து வெளியேறுகிறது. அடுத்த தலைமுறைக்குச் செல்லும் பிரதியைப் பத்திரமாக வைத்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் வெட்டிக்கொள்ளும் செல்லைத் தாய் என்று அழைப்பதில் மிகை எதுவும் எனக்குத் தெரியவில்லை.