லிஸ்ப்: ஒரே குறியீடு, இரண்டு மாறிகள்

மாறியின் பெயர் நிரல் எழுதுபவரின் வசதிக்குத்தான் என்று பல கணினி மொழிகள் நினைக்கின்றன. லிஸ்ப் அப்படி நினைப்பதில்லை. 1958-இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி அதை உருவாக்கத் தொடங்கியபோது, இயற்கணிதக் கோவைகளுக்கு வகைக்கெழு காண்பது போன்ற வேலைகளும் அவர் மனதில் இருந்தன. அங்கே எக்ஸுக்கு மதிப்பே வேண்டாம். எக்ஸ் எக்ஸாகவே இருந்தால் போதும். அதனால்தான் லிஸ்ப்பில் எக்ஸ் போன்ற குறியீடும் (சிம்பல்), எண்ணைப் போலவே, கையாளக்கூடிய ஒரு தரவு.

லிஸ்ப்பின் ஒரு வகையான காமன் லிஸ்ப்பில், விலை என்ற மாறிக்கு லெட் மூலம் 50 தரும் இதைப் பாருங்கள்:

(லெட் ((விலை 50)) (லிஸ்ட் விலை 'விலை))

கிடைப்பது (50 விலை). மேற்கோள் குறி இல்லாதது மாறி; அதன் மதிப்பு வந்தது. குறி இட்டதோ குறியீடு, அதுவே வந்தது.

இந்த லெட்டுக்குள் இன்னொரு லெட் போட்டு விலையை 80 ஆக்கினால், மாறிகள் இரண்டு, குறியீடு ஒன்றுதான். புதியவர்கள் தடுமாறுவது அடுத்த படியில். உள்ளே நின்று, குறியீட்டின் மதிப்பைத் தேடும் (சிம்பல்-வேல்யூ 'விலை) என்று கேட்டால் 80 வராது, பிழைதான் வரும். லெட் உண்டாக்கும் சாதாரண மாறி குறியீட்டுக்குள் குடியிருப்பதில்லை. நிரலின் அந்தப் பகுதிக்கு மட்டுமே அது சொந்தம். விலையை முன்பே டெஃப்வார் கொண்டு அறிவித்திருந்தால் கதை வேறு: அப்போது மாறியின் மதிப்பு குறியீட்டின் வழியாகவே கிடைக்கும், 80 வரும்.