பாதரச அளவைக் கேட்டு வாங்குங்கள்

நிலக்கரியில் பாதரசம் துளியளவுதான். ஆனால் ஓர் அனல்மின் நிலையம் நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் கரி எரிக்கிறது. கொதிகலன் சூட்டில் பாதரசம் ஆவியாகிவிடும். புகை ஆறும்போது சாம்பலில் ஒட்டிய பங்கை, மின்புலத்தால் சாம்பலைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி. கருவி பிடிக்கும். தண்ணீரில் கரையும் பங்கு, கந்தகத்தை நீக்கும் எஃப்.ஜி.டி. கருவியில் சிக்கும். தனி ஆவியாக இருப்பது தப்பிவிடும். அதைப் பிடிக்க, ஊக்கப்படுத்திய கரித்தூளைப் புகைக்குள் தூவ வேண்டும்.

2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது: கன மீட்டர் புகையில் 0.03 மில்லிகிராம். ஆனால் 2004க்கு முன் நிறுவியவற்றில் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளை மட்டுமே இது கட்டுப்படுத்துகிறது. வடசென்னை முதல் நிலை, மேட்டூர், தூத்துக்குடி ஆகிய இடங்களின் பழைய 210 மெகாவாட் அலகுகள் இந்த வரம்புக்குள் வரவில்லை. அவற்றின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய அநீதி. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி. கட்டாயமில்லை என்றும் ஆகிவிட்டது. அதோடு சேர்ந்து பிடிபட்டிருக்கக்கூடிய பாதரசமும் இனி வெளியேறும்.

பிடித்த பாதரசமும் மறைந்துவிடுவதில்லை, ஈ.எஸ்.பி. பிடித்த பங்கு சாம்பலில்தான் கிடக்கிறது. எண்ணூரில் குழாய்கள் உடைந்து சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்ததைப் பார்த்திருக்கிறோம். நீர்நிலையில் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்குகின்றன. அது மீன் வழியாக வயிற்றுப் பிள்ளையின் மூளைவரை போகும். இதற்காகக் கர்ப்பிணிகள் மீனையே விட வேண்டாம். சுறாவைத் தவிர்த்து நெத்திலி, மத்தி சாப்பிடலாம்.

நீங்கள் செய்யக்கூடியது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். "பாதரசம் அளக்கப்படுகிறதா?" என்று மட்டும் கேட்டால் "ஆம்" என்று முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு அலகுக்கும் தனித்தனியாக, அளந்த தேதி, எத்தனை மணி நேரம், எந்த முறை, அப்போது எத்தனை மெகாவாட் ஓடியது என்று கேளுங்கள். கரிக்குக் கரி பாதரசம் மாறும், ஆகவே ஒருநாள் அளவை வைத்து ஆண்டு முழுவதையும் சொல்ல முடியாது. புகையில் கூடுதல் காற்று கலந்தாலும் எண் குறைந்து தெரியும். அதனால் ஆக்சிஜன் அளவுக்கேற்பத் திருத்திய எண்ணா என்பதையும் கேளுங்கள். சாம்பலில் எவ்வளவு என்ற கேள்வியையும் சேருங்கள்.

பதிலில் மீறல் தெரிந்தால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம், வக்கீல் இல்லாமல் நேரிலும் வாதிடலாம். பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு.