எல்லைக் கோட்டின் இருபுறமும்

கொலை செய்தவன் அகப்படவில்லை என்பதற்காக, அவன் வந்த திசையிலுள்ள ஊரைக் கொளுத்தலாமா? எந்த இல்லத்தரசியைக் கேட்டாலும் ‘கூடாது’ என்று உடனே சொல்லிவிடுவாள். ராஜ்யங்களுக்கும் இயக்கங்களுக்குந்தான் இந்த விடை எளிதில் வாயில் வருவதில்லை.

1949-ம் வருஷத்துப் போர் நிறுத்த ஒப்பந்தம் இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது. பல அராபியக் குடியானவர்களின் வீடு ஒருபுறமும் வயல் மறுபுறமுமாயின. தங்கள் விளைச்சலை எடுக்கக் கோட்டைத் தாண்டியவர் அநேகர். கொலை செய்யவே தாண்டியவரும் உண்டு. 1953 அக்டோபரில், யெஹுத் என்னும் ஊரில் இரவு வேளையில் ஒரு வீட்டினுள் எறியப்பட்ட குண்டு, ஒரு தாயையும் அவளுடைய இரு குழந்தைகளையும் மாய்த்தது. நிலம் இழந்த துயரம் எவ்வளவு பெரிதாயினும், இச்செயலுக்கு அது ஸமாதானமாகாது.

ஓரிரு தினங்களுக்குள் ஏரியல் ஷரோன் தலைமையில் இஸ்ரேலியப் படையினர் எல்லைக்கப்பாலுள்ள கிப்யா கிராமத்தில் புகுந்தனர். சுமார் 45 வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஏறக்குறைய 69 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. பிரதமர் பென் குரியனோ, இது எல்லைப்புறக் குடிகள் செய்த காரியமென்று வானொலியில் கூறினார். செய்ததை மறைக்க நேர்ந்ததே அது அதர்மம் என்பதற்குச் சாட்சியல்லவா?

நவம்பர் 24-ந் தேதி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு ஸபை இஸ்ரேலைக் கடுமையாகக் கண்டித்தது. எல்லை தாண்டுவோரைத் தடுக்கும் முயற்சியை வலுப்படுத்துமாறு ஜோர்டானையும் கேட்டுக்கொண்டது. ஜெருஸலேமில் வாழ்ந்த பேராசிரியர் யெஷாயாஹு லைபோவிட்ஸ், மதப்பற்று மிக்க யூதர், தம் மக்களையே நோக்கிப் பேனா எடுத்தார். தெய்வத்துக்குரிய புனிதத்தைத் தேசத்துக்கும் அதன் பாதுகாப்புக்கும் சூட்டியதே இக்கேட்டின் வேர் என்று எழுதினார்.

‘மேலதிகாரியின் உத்தரவு’ என்ற சாக்கும் உண்டு. 1956 அக்டோபர் 29-ந் தேதி, எல்லையை அடுத்த கஃபர் காஸிம் கிராமத்தில் திடீரென ஊரடங்கு விதிக்கப்பட்டது. அதை அறியாமல் வேலையிலிருந்து வீடு திரும்பிய அராபியப் பிரஜைகளை இஸ்ரேலிய எல்லைக் காவலர் சுட்டனர். சுமார் 50 பேர் இறந்தனர். அண்டைக் கிராமங்களில் நின்ற சில அதிகாரிகளுக்கும் அதே உத்தரவுதான். அவர்களோ சுடாமல் ஜனங்களை வீடு சேரவிட்டனர். வெளிப்படையாகவே அதர்மமான உத்தரவுக்குப் பணியலாகாது என்று 1958-ல் இஸ்ரேலிய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆயினும் தண்டனை பெற்றோர் சில வருஷங்களிலேயே வெளிவந்தனர். படைத்தலைவருக்குக் கிடைத்த தண்டனை ஒரு சிறு நாணய அபராதமே!

1938-ல் காந்தியடிகள் பாலஸ்தீன அராபியர் பக்கமே நியாயம் கண்டார். எனினும் அவர்கள் கையாண்ட வன்முறைக்கு வக்காலத்து வாங்கவில்லை. கோரிக்கை வேறு, கைச்செயல் வேறு என்பதை நாமும் மறக்கலாகாது.

2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் முதலிய இயக்கத்தினர் காஸா எல்லையைத் தாண்டிச் சுமார் 1,200 பேரைக் கொன்று, ஏறக்குறைய 250 பேரைச் சிறைபிடித்துச் சென்றனர். பின்னர் நடந்த யுத்தத்தில் காஸாவில் மாண்டவர் பல பதினாயிரம். அவர்களில் குழந்தைகளின் தொகை நெஞ்சை உலுக்குகிறது. எவன் முதலில் அடித்தான் என்று இருதரத்தாரும் கணக்குப் புரட்டுகிறார்கள். பாவம் என்பது வரவு செலவுக் கணக்கன்று. ஒருவன் பற்றை மற்றவன் பற்றால் கழித்துவிட முடியாது. கிப்யாக் குழந்தையின் இரத்தத்தால் யெஹுத் குழந்தையின் இரத்தம் கழுவப்படவில்லை. குண்டை எறிந்த கையும், உத்தரவிட்ட நாவும், அறிந்தும் ஆர்ப்பரித்த கூட்டமும் தத்தம் பங்கைத் தாமே சுமக்க வேண்டும். அச்சுமையைத் தம்மவர் தோளில் முதலில் காண்பவரே தம் நாட்டுக்கு உண்மை நண்பர்.