உங்களுக்குத் தெரியுமா? கருவேல நெற்றில் ஒரு புரதக் காவல்

மேலூர் அருகே திருவாதவூர்ப் பக்கம் கோடையில் புல் காய்ந்துவிட்டால், வெள்ளாடுகள் கருவேல மரத்தடியில் உதிர்ந்த நெற்றுகளைப் பொறுக்கித் தின்னும். அந்த நெற்றைக் கடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு டானினின் வேலை. எச்சிலில் உள்ள புரதத்தையே அது பிடித்துக்கொள்கிறது. ஆவாரம்பட்டையால் தோல் பதமாவதும் இதே பிணைப்பால்தான்.

ஆட்டின் முதல் வயிற்றில் பிஎச் அளவு 6 முதல் 7 வரை. அங்கே அடர் டானின் என்னும் இயற்கைப் பாலிமர் தீவனப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைத்து அம்மோனியாவாக்க முடிவதில்லை. நான்காம் வயிற்றில் பிஎச் 3-ஐ ஒட்டி இறங்கியதும் கட்டு அவிழ்கிறது. புரதம் சிறுகுடலில் செரித்து உடம்பில் சேர்கிறது. விலை கொடுத்து வாங்கிய பிண்ணாக்கு வீணாகாமல் காக்கும் அருமையான ஏற்பாடு இது. வெளிநாடுகளில் கெப்ராச்சோ, செஸ்ட்நட் மரங்களின் டானின் தீவனச் சேர்க்கையாகவே விற்பனையாகிறது.

அளவு மிஞ்சினால் ஆடு தீனி எடுக்காது, செரிமானமும் கெடும். அப்போது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற செயற்கைப் பாலிமரைச் சேர்த்தால், அது டானினைத் தன்னோடு கட்டிக்கொண்டு புரதத்தை விடுவிக்கும்.

ஆடு வளர்ப்பவர்களே, நெற்றை மட்டுமே தீனியாக்காதீர்கள். மற்றத் தீவனங்களோடு கலந்தே கொடுங்கள்.