குளிர்கடலில் ஆறு மணி நேரம்

வட அட்லாண்டிக்கிலும் அலாஸ்காவை ஒட்டிய பேரிங் கடலிலும் ஓடும் கப்பல்களில் ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு சிவப்பு அல்லது ஆரஞ்சு நிற உடை பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பாதம் முதல் உச்சந்தலை வரை ஒரே துண்டாக அமைந்த அந்த உடையை மாட்டிக்கொண்டால் முகம் மட்டுமே வெளியே தெரியும். கப்பலில் வேலை செய்பவர்கள் அதை இம்மர்ஷன் சூட் என்பார்கள். கப்பல் மூழ்கும்போது, கடலில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றான நிலையில் அணிவது அது. அதற்கு இரண்டு வேலைகள். உடலின் சூட்டை வெளியே போகவிடாமல் காக்க வேண்டும், ஆளை மூழ்கவிடாமல் தாங்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் பல இடங்களில் ஒன்றோடொன்று மோதுகின்றன. எதற்காக எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆடையின்றி அசையாமல் கிடக்கும் ஒருவரின் உடல் வெப்பம் குறையாமல் இருக்க வேண்டுமானால் நீரின் வெப்பநிலை 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி 28 டிகிரியில் வெதுவெதுப்பாகத் தோன்றும் வங்கக் கடல்கூட, படகு கவிழ்ந்து பல மணி நேரம் மிதப்பவரின் சூட்டைச் சிறிது சிறிதாக உறிஞ்சத்தான் செய்யும். 5 டிகிரிக்குக் கீழே உள்ள வடகடல்களில் நடப்பது வேறு வகை.

அங்கே விழுந்தவரை முதலில் தாக்குவது உடல் விறைத்துப்போதல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் ஆபத்து மூச்சில் இருக்கிறது. தோல் திடீரெனக் குளிர்ந்ததும் தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கப்படும். அதன் அளவு 2 லிட்டரைத் தாண்டலாம். அந்தக் கணத்தில் வாய் நீருக்குள் இருந்தால், வயது வந்த ஒருவரின் உயிரைப் பறிக்கப் போதுமான கடல்நீர் நுரையீரலுக்குள் போய்விடும். தொடர்ந்து மூச்சு இரைக்கும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டிப்டன் இதை விரிவாக ஆராய்ந்தவர். கடலில் இறந்தவர்களில் பலர் உடல் வெப்பம் குறைவதற்கு முன்பே போய்விடுகிறார்கள் என்பதை அவரும் அவருடைய சக ஆய்வாளர் ஃபிராங்க் கோல்டனும் விளக்கினார்கள்.

அதிர்ச்சியைத் தாண்டியவருக்கு அடுத்த அடி கைகால்களில் விழுகிறது. தசையும் நரம்பும் குளிர்ந்து விரல்கள் மடங்க மறுக்கும். கயிற்றைப் பிடிக்கவும் முடியாது, நீந்தவும் முடியாது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இந்த வரிசையை ஒன்று, பத்து, ஒன்று என எளிதில் நினைவில் நிற்கும்படி சொல்லித்தந்தார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் பயன்படும் நேரம் 10 நிமிடம், நினைவு தப்புவதற்கு முன் ஏறத்தாழ 1 மணி நேரம். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கும் நிலை இந்த மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். கடல்நீர் நன்னீரின் உறைநிலைக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரியில் இருந்தது. நீரில் விழுந்தவர்களில் மிகப் பலர் தக்கை வைத்துத் தைத்த மிதவைச் சட்டை அணிந்திருந்தார்கள். அவர்கள் மூழ்கவில்லை, மிதந்தபடியே இறந்தார்கள். மிதப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. ஆனாலும் அந்தப் பாடம் கப்பல் விதிகளில் ஏற எழுபது ஆண்டுகள் பிடித்தன.

குளிரையும் மிதப்பையும் சேர்த்து யோசித்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தார்கள். கிரீன்லாந்தின் திமிங்கில வேட்டைக்காரர்கள் சீல் தோலால் உடல் முழுவதையும் மூடும் உடை தைத்தார்கள். முன்பக்கத்துத் துளை வழியாக உள்ளே நுழைந்து அதன் வாயை இறுக்கிக் கட்டிவிட்டால் நீர் புகாது. உள்ளே அடைபட்ட காற்று கதகதப்பையும் தந்தது, ஆளையும் மிதக்க வைத்தது. வேட்டையாடிய திமிங்கிலத்தை நீரிலேயே நின்று அறுப்பதற்கு அது உதவியது. அப்படி ஓர் உடை இன்றும் டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரப்பர் தொழில் வளர்ந்த பிறகு அமெரிக்கரான மெரிமன் காற்று ஊதி நிரப்பும் அறைகள் கொண்ட ரப்பர் உடையை உருவாக்கினார். 1875 மே மாதத்தில் பால் பாய்ட்டன் அதை அணிந்து, மல்லாந்து படுத்தபடி துடுப்பு வலித்து, ஏறத்தாழ ஒரு முழு நாளில் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். மக்கள் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். கப்பல் நிறுவனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த விமானிகளின் சாவு இந்த அக்கறையை மீட்டுக் கொண்டுவந்தது. மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வுக்கழகம் நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து வென்டைல் என்ற துணியைத் தந்தது. உலர்ந்திருக்கும்போது வியர்வை ஆவி அதன் வழியே வெளியேறும். நனைந்ததும் இழைகள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். விமானி மணிக்கணக்கில் அணிந்திருக்க வேண்டிய உடைக்கு இது பொருத்தமாக இருந்தது. அவசரத்தில் மட்டும் அணியும் கப்பல் உடைக்கு வேறொரு பொருள் கைகொடுத்தது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் 1930-இல் உருவான செயற்கை ரப்பரான நியோப்ரீனே அது.

இம்மர்ஷன் சூட்டில் பயன்படுவது நுரையாக்கிய நியோப்ரீன், பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அது நீரைக் குடிக்கும். நியோப்ரீன் நுரையில் ஒவ்வொரு குமிழியும் தனியே மூடியிருக்கும். வாயு நிறைந்த அந்தக் குமிழிகளே வெப்பத்தைத் தடுக்கின்றன, அவையே மிதப்பையும் தருகின்றன. ஒரே பொருள் இரண்டு வேலைகளையும் செய்வதும், கிழிந்தாலும் மிதப்பை இழக்காததும்தான் இதன் பெரிய பலம். இன்னொரு வகை உடையில் வெளியே நீர் புகாத மெல்லிய துணியும் உள்ளே பஞ்சுப் போர்வை போன்ற கம்பளி உடையும் தனித்தனியாக இருக்கும். அது இலேசானது, நடமாட வசதியானது. ஆனால் நீரில் இறங்கியதும் நீரழுத்தம் துணியை உடலோடு அமுக்கும். உள்ளாடையில் இருந்த காற்று பிதுங்கி வெளியேறும், காற்றோடு காப்பும் போய்விடும். கரையில் உலர்ந்த நிலையில் அளந்த வெப்பக் காப்பைக் கடலில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இன்று வெப்பம் உமிழும் மனித உருவப் பொம்மைகளை நீரில் மிதக்கவிட்டு அளக்கிறார்கள்.

காப்பைக் குலைப்பதில் அழுத்தத்தைவிடக் கொடியது கசிவு. உடையின் நெஞ்சுப் பகுதிக்குள் அரை லிட்டர் நீர் புகுந்தாலே அதன் காப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது என்று சோதனைகள் காட்டின. அதே அளவு நீர் கை, கால் பகுதியில் புகுந்தால் பாதிப்பு குறைவு. ஆகவே கழுத்தும் முகத்தைச் சுற்றிய விளிம்பும் ஜிப்பும்தான் வடிவமைப்பாளர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடங்கள். நீர் புகாத ஜிப் உயரத்தில் பறக்கும் விமானிகளின் அழுத்த உடைக்காக உருவானது. அதன் ரப்பர் உதடுகள் இரண்டும் ஒன்றையொன்று அழுத்தி மூடும். மெழுகு தடவாமல் விட்டால் விறைத்துக்கொள்ளும், பாதி வழியில் நின்றுவிடும். ஜிப் தாடைவரை ஏறாத உடையால் அணிந்தவருக்குப் பெரிய பயன் இல்லை.

மிதப்பு கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம். மிதப்பின் அளவைவிட அது உடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். கால் பகுதியில் காற்று தங்கினால் கால்கள் மேலே எழும்பித் தலை நீருக்குள் போகும். அதனால்தான் உடையை அணிந்த பின் குத்தவைத்து உட்கார்ந்து, கைகளால் உடையை உடலோடு அணைத்து, கழுத்து வழியாகக் காற்றை வெளியேற்றச் சொல்லித்தருகிறார்கள். கணுக்காலில் இறுக்கும் பட்டைகளும் அதற்காகவே. இன்னொரு சிக்கல், நியோப்ரீன் உடலைச் சுற்றிச் சீராக மிதப்பைத் தருவதால் ஆள் மல்லாந்து கிடப்பதைப் போலவே கவிழ்ந்தும் கிடக்க முடியும். நினைவு தப்பியவர் கவிழ்ந்து கிடந்தால் எத்தனை டிகிரி கதகதப்பு இருந்தும் பயனில்லை. பல உடைகளில் பிடரிக்குப் பின்னால் ஊதித் தலையணையாக்கும் காற்றுப்பை வைப்பது தலையை உயர்த்தி, வாயை அலைக்கு மேலே வைத்திருக்கத்தான்.

வடகடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டரில் செல்பவர்களின் உடையில் இந்த முரண்பாடு இன்னும் கூர்மையாகிறது. நீரில் விழுந்த ஹெலிகாப்டர் மேலே உள்ள எந்திரத்தின் எடையால் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். பயணி நீருக்குள் இருக்கும் சன்னல் வழியாக வெளியேற வேண்டும். உடையின் மிதப்பு அதிகமானால் அது அவரைக் கவிழ்ந்த ஹெலிகாப்டரின் தரையோடு சேர்த்து மேல்நோக்கி அழுத்தும், சன்னலுக்கு வரவிடாது. அதனால் இந்த உடைகளில் அடைபட்ட காற்றின் மிதப்புக்கு மேல்வரம்பு உண்டு. ஐரோப்பிய விதியில் அது 150 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தாங்கும் விசை. வெளியே வந்த பிறகு தேவைப்படும் மிதப்புக்குத் தனியே ஊதிக்கொள்ளும் மிதவைச் சட்டை. நாள்தோறும் அணிய வேண்டிய உடை என்பதால் வியர்வைப் புழுக்கமும் பெரிய தொல்லை. புழுக்கம் தாங்காமல் கழுத்து ஜிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும் பயணிக்கு, விபத்து நேரத்தில் அதை மூட நேரம் இருக்காது.

கையுறையில் இன்னொரு சமரசம். தடிமனான உறை விரலைக் காக்கும், ஆனால் விசிலை எடுக்கவும் விளக்கை ஏற்றவும் விடாது. அதனால் பல உடைகளில் மூன்று விரல்களாகப் பிரிந்த உறை இருக்கும். சர்வதேசக் கடல் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கையான சோலஸின் 1980-களின் விதி இதற்கு வைத்த சோதனை அழகானது. 5 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் கிடந்த பிறகு, உறை அணிந்த கையால் பென்சிலை எடுத்து எழுத முடிய வேண்டும்.

அந்த உடன்படிக்கையின் கீழ் வரும் மற்ற நிபந்தனைகளும் உண்மையான விபத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. யாருடைய உதவியும் இன்றி 2 நிமிடத்துக்குள் அணிய முடிய வேண்டும். 4.5 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் கிழியவோ கழலவோ கூடாது. நெருப்பு 2 நொடி சூழ்ந்தாலும் தொடர்ந்து எரியக் கூடாது. 5 மீட்டர் ஏணியில் ஏறி இறங்கவும், 25 மீட்டராவது நீந்தி உயிர்ப்படகில் ஏறவும் முடிய வேண்டும். தானே காப்புத் தரும் பொருளால் ஆன உடையாக இருந்தால், 0 முதல் 2 டிகிரி வரையுள்ள நீரில் 6 மணி நேரம் கிடந்தாலும் அணிந்தவரின் உடல் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் குறையக் கூடாது. மீட்பு ஹெலிகாப்டரோ வேறு கப்பலோ வந்து சேரும் அவகாசம் அந்த ஆறு மணி நேரம்.

இந்த விதிகள் பலருடைய உயிரைக் கொடுத்துப் பெற்றவை. 1983 பிப்ரவரி 12 அதிகாலையில் நிலக்கரி ஏற்றிச் சென்ற மரைன் எலெக்ட்ரிக் என்ற பழைய அமெரிக்கக் கப்பல் விர்ஜினியா கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. நீர் ஏறத்தாழ 4 டிகிரி. 34 பேரிடமும் மிதவைச் சட்டை இருந்தது, இம்மர்ஷன் சூட் இல்லை. ஹெலிகாப்டர் வந்து கூடையை இறக்கியபோது கீழே மிதந்தவர்களின் கைகள் அதைப் பிடிக்கும் நிலையில் இல்லை. மூன்று பேர்தான் பிழைத்தார்கள். அதன் பிறகே அமெரிக்கக் கப்பல்களில் குளிர்கடல் உடை கட்டாயமாயிற்று, கடலோரக் காவல் படையில் நீரில் குதித்து மீட்கும் நீச்சல் வீரர்களின் பிரிவும் உருவாயிற்று. 1988-இல் வந்த சட்டம் மீன்பிடிக் கப்பல்களையும் உள்ளே கொண்டுவந்தது. மரைன் எலெக்ட்ரிக் கவிழ்ந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2008 மார்ச் 23-இல் அலாஸ்கா ரேஞ்சர் என்ற மீன்பிடிக் கப்பல் பேரிங் கடலில் இருட்டில் மூழ்கியது. இந்த முறை உடைகள் இருந்தன. 47 பேரில் 42 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இரு விபத்துகளின் சூழலும் ஒன்றல்ல என்றாலும், உடையின் மதிப்பைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமே. 2006 ஜூலை முதல் உலகக் கடல்களில் ஓடும் சரக்குக் கப்பல்களில் ஆளுக்கு ஓர் உடை என்பது பொது விதி. வெப்பக் கடல்களிலேயே ஓடும் கப்பல்கள் பலவற்றுக்கு விலக்கு உண்டு.

மீட்கும் நேரத்திலும் ஆபத்து ஓய்வதில்லை. நீரின் அழுத்தம் கால்களைச் சுற்றி அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளி வைத்திருக்கும். ஆளை அக்குளில் கயிறு கட்டி நிமிர்ந்தபடி தூக்கினால் அந்த அழுத்தம் திடீரென விலகி ரத்த அழுத்தம் சரியும், குளிர்ந்த இதயம் நின்றுபோகலாம். உடையின் மேல் தூக்குவதற்கான வளையம் வைக்கும்போதும், முடிந்தவரை படுத்த நிலையில் தூக்கும்படி மீட்பவர்களைப் பழக்கும்போதும் இதைக் கருத்தில் கொள்கிறார்கள்.

வணிகக் கப்பல் வேலைக்குப் போகும் தமிழ்நாட்டு இளைஞர்கள் இந்த உடையை முதன்முதலாகத் தொடுவது கட்டாய உயிர்காப்புப் பயிற்சியில். தளத்தில் உட்கார்ந்து முதலில் கால்களை நுழைக்க வேண்டும். காலணிமேல் பிளாஸ்டிக் பையை மாட்டினால் எளிதில் வழுக்கி இறங்கும். பிறகு பழக்கமில்லாத கை, தலைமூடி, கடைசியில் பழக்கமான கை. அந்தக் கையைக் கடைசிவரை வெளியே வைத்திருப்பது மற்றதையெல்லாம் அதனால் செய்துகொள்ளத்தான். முடிந்தால் குதிக்காமல் ஏணி வழியே மெல்ல இறங்க வேண்டும்.

பையில் கிடக்கும் உடையும் கெடும். மடிப்பில் பசை விடும், ஜிப்பின் பற்களில் உப்பு பூக்கும், ரப்பர் வெடிக்கும். ஆகவே கப்பலில் மாதம் ஒருமுறை உடையை விரித்துப் பார்த்து ஜிப்புக்கு மெழுகு போட வேண்டும். மூன்றாண்டுக்குள் ஒருமுறையாவது உள்ளே குறைந்த அழுத்தத்தில் காற்று நிரப்பி, தையல்மேல் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். பத்தாண்டு கடந்த உடைகளுக்கு இந்தச் சோதனை இன்னும் அடிக்கடி நடக்க வேண்டும்.