பெட் ஸ்கேனும் ஒரு பிளாஸ்டிக் பைலும்

லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில், தோல் பை தைக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். சென்ற தீபாவளி கழிந்த வாரம், இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்து, "அண்ணாச்சி, இந்த இங்கிலீஷ் கடுதாசியைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மனைவிக்குக் கழுத்தில் கட்டி. சதை எடுத்துச் சோதித்ததில் லிம்போமா என்று தெரிந்துவிட்டது. கீமோவுக்கு முன் பெட் ஸ்கேன் வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். தனியார் மையத்தில் 18,000 ரூபாய் கேட்டார்கள். மகனுடைய கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று ஒப்புதல் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். வந்த பதில்தான் அந்தக் கடிதம். ஆஸ்பத்திரியில் சேராமல் எடுக்கும் பரிசோதனைக்கு முன் ஒப்புதல் கிடையாதாம். இதைச் சொல்லப் பதினோரு நாள்!

நான் மாட்டுங்கா ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவன். வண்டியின் அச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று அல்ட்ராசோனிக் கருவியால் பார்ப்போம். பார்க்காமல் அச்சு வெளியே போகாது. செலவு எந்தக் கணக்கில் என்பது அப்புறம். மனித உடம்பு விஷயத்தில் மட்டும் முறை தலைகீழ்.

பெட் ஸ்கேனுக்கு ஏன் இவ்வளவு பணம் என்று தம்பி கேட்டார். ஊசியில் ஏற்றுவது ஃப்ளோரின்-18 சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. பல புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுப்பதால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். இந்த ஃப்ளோரின் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில் செய்து அன்றன்றைக்கே செலவழிக்க வேண்டும். ஸ்டாக் வைக்க முடியாது. நோயாளி ஆறு மணி நேரம் பட்டினி இருந்து, ரத்தச் சர்க்கரை பார்த்த பிறகே ஊசி. குறித்த நேரம் தவறினால் மருந்தும் வீண். நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-ல் பரேலில்தான் வந்தது. மாட்டுங்காவில் ரயிலேறினால் பரேல் இரண்டாவது ஸ்டேஷன்.

காத்திருக்க வேண்டாம் என்றேன். இரண்டு வளையல் அடகுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் ஸ்கேன், அடுத்த வாரம் கீமோ. பெரும்பாலான பாலிசிகளில், அட்மிஷனுக்கு முந்தைய 30 நாளில் அதே நோய்க்காக எடுத்த பரிசோதனைச் செலவைப் பிறகு கேட்டு வாங்கலாம். டாக்டர் சீட்டும் ஒரிஜினல் பில்லும் கட்டாயம் வேண்டும். "ஒரு ராத்திரி சும்மா அட்மிட் ஆகுங்க" என்று ஒரு புரோக்கர் யோசனை சொன்னான். பரிசோதனைக்காக மட்டும் சேர்வதைப் பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. நம்பாதீர்கள்.

பில் போட்டோம். ஆதாரில் முழுப் பெயர், ஆஸ்பத்திரி கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று திருப்பி அனுப்பினார்கள். அபிடவிட் கொடுத்தோம். பதில் இல்லை. குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதி, 30 நாளில் தீராவிட்டால் சாந்தாகுருஸில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போவோம் என்று குறிப்பிட்டேன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மாசியில் பணம் வந்தது, அறுநூறு குறைவாக. எதற்கு அறுநூறு என்று இன்னும் தெரியவில்லை.

இன்ஷூரன்ஸே இல்லாதவர்களுக்கு மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்ய திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் ஆரோக்யமித்ரா என்ற உதவியாளர் இருப்பார்; பெட் ஸ்கேன் அதில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். நம்மவர்களில் பலர் ரேஷன் கார்டைத் திருநெல்வேலியிலேயே வைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்துக்கு மகாராஷ்டிர ரேஷன் கார்டோ டொமிசைல் சான்றிதழோ வேண்டும். நோய் வந்த பிறகு அதற்கு அலைவது கொடுமை.

தம்பி மனைவிக்குக் கீமோ முடிந்ததும் மறுபடி ஒரு பெட் ஸ்கேன் இருக்கிறது. சீட்டு, பில், பயாப்சி ரிப்போர்ட் எல்லாம் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் பைலில் போட்டு என் அலமாரியில் வைத்திருக்கிறேன். வளையல் இன்னும் கடையில்தான்.